புகைக்குள் சுட்டவர்

கிள்ளானில் ஒரு சரக்குக் கப்பல் முகவர் அலுவலகத்தில் சுங்கப் படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலை. பதினான்கு ஆண்டுகளாக அதே மேசை. என்னிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. ஆனால் சனிக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்து, அறைக் கதவைச் சாத்தி, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் நான் கேப்டன். நான் இடது பக்கம் என்றால் நான்கு பேர் இடது பக்கம் போவார்கள். அதில் ஒருவர் ஷா ஆலாமில் பல் டாக்டர். இன்னொருவர் ஜெஞ்சாரோமில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நேரில் பார்த்தால் அந்த டாக்டர் எனக்குத் தலையசைப்பாரா என்பதுகூடத் தெரியாது.

ஐந்து பேர் ஐந்து பேருக்கு எதிராகத் துப்பாக்கியோடு மோதும் கேம் அது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வெறும் சத்தம். உள்ளே இருப்பவனுக்கு அது காது வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் நடக்கிறானா, நின்றுவிட்டானா, அவன் காலடியில் இருப்பது மரமா இரும்பா என்று காதாலேயே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு புகைக்குண்டை வீசி வழியை மறைத்து, அந்த வெள்ளைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மூன்று வினாடிகளுக்காகத்தான் வாரம் முழுவதும் படிவங்களைப் பார்த்தேன் என்று சொல்லலாம்.

மலேசியத் தமிழர்களுக்காக இந்த கேமுக்கு ஓர் ஆன்லைன் குழுவை நானும் என் நண்பனும் தொடங்கினோம். அவன் சாலாக் செலாத்தானில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பழக்கம். குழுவில் சில நூறு பேர் சேர்ந்தார்கள். அட்மின் என்று என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் கிரீடம் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைப்பதில் பொருளில்லை.

ஒரு சனிக்கிழமை, குழுவுக்குள்ளேயே நடந்த ஆட்டத்தில் புதிதாக ஒருவர் எதிரணியில் இருந்தார். முகப்புப் படத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல். மைக்கில் பேசவே இல்லை. அன்று அந்த ஸ்டூல் என்னை ஒன்பது முறை சுட்டு வீழ்த்தியது. அதில் மூன்று முறை புகைக்குள். நான் வீசிய புகை, நான் நின்ற இடம் எனக்கே தெரியாத வெள்ளை. அதற்குள் ஒரே குண்டில் என் தலை.

என் அணியில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவனைக் காட்டிக்கொடுக்கும் திருட்டு மென்பொருள்கள் உண்டு. இது திப்பு, இவன் ஏமாற்றுகிறான் என்று எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதினேன். பதிலுக்கு ஸ்டூல் ஒரே சொல் எழுதியது: "சரி."

திட்டியிருந்தால் விட்டிருப்பேன். அந்த "சரி" என் தொண்டையில் முள் மாதிரி நின்றது.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் நான் செய்ததை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ஸ்டூல் எதிரணியில் இருந்த ஆட்டங்களின் பதிவுகளை எடுத்தேன். நான் சாகும் இடங்களை வெட்டி, வேகத்தைக் குறைத்து, சிவப்பு வட்டம் போட்டு, ஒவ்வொன்றாகக் குழுவில் போட்டேன். ஏறக்குறைய முப்பது வீடியோ. எனக்கு வீடியோ வெட்டத் தெரியாது, இதற்காகக் கற்றுக்கொண்டேன். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஸ்டூலின் தாயைப் பற்றி எழுதினார்கள், பிறப்பைப் பற்றி எழுதினார்கள். தாயைப் பழிக்கக் கூடாது என்று குழுவின் முதல் விதியை எழுதியவனே நான்தான். ஒன்றையும் நான் நீக்கவில்லை. ஒரு நாள் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "யாரையோ கடிச்சுத் திங்கிற மாதிரி பேசுறீங்க" என்றாள். இது உனக்குப் புரியாத விஷயம் என்று சொல்லிவிட்டுக் கதவைத் தாழிட்டேன்.

கடைசியில் ஸ்டூலைக் குழுவிலிருந்து நீக்கினேன். அதுவும் போதவில்லை. எல்லோரும் ஒரே நாளில் கேம் நிறுவனத்துக்குப் புகார் அனுப்புங்கள் என்று எழுதினேன். முதல் புகாரை நான் அனுப்பினேன், இரண்டாவதை என் நண்பன். மூன்றாம் நாள் ஸ்டூலின் கணக்கு முடக்கப்பட்டது. அன்று அலுவலகத்தில் கீழ்த்தளக் கடையிலிருந்து எல்லோருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கி வந்தேன். என்ன விசேஷம் என்று யாரும் கேட்கவில்லை.

மறுவாரம் புதிய கணக்கு ஒன்றிலிருந்து எனக்குத் தனிச்செய்தி வந்தது. எங்கள் குழுவில் எல்லோரும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவோம். இது சுத்தமான தமிழ் எழுத்தில் இருந்தது. தான் ஏமாற்றவில்லை என்றும், நேரில் வந்து எல்லோர் முன்னாலும் விளையாடத் தயார் என்றும், இடத்தையும் நாளையும் நீங்களே சொல்லுங்கள் என்றும் மூன்று வரி. நான் அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். திருடன் தானாகவே போலீஸ் நிலையத்துக்கு வருகிறான் என்று மேலே எழுதினேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் கணினிகளை வாடகைக்கு விடும் இடம் இருக்கிறது. ஞாயிறு காலை பதினொரு மணி என்று முடிவானது. வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே என்பதால் படியேறும்போதே சாம்பார் வாசனை. இருபத்தைந்து பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பாதிப் பேரை அன்றுதான் முதன்முறை பார்த்தேன். பல் டாக்டர் என் தோளைத் தட்டி, விட்டுடாதீங்க என்றார். என் நண்பன் புதிய மௌஸும் கீபோர்டும் கொண்டுவந்திருந்தான். சொந்தக் கருவியில் ஏதாவது ஒளித்துக் கொண்டுவந்தால் என்ன செய்வது என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெண்மணி மேலே வந்தார். ஐம்பது வயது இருக்கும். பஞ்சாபி உடை, ரப்பர் செருப்பு, கையில் ஒரு துணிப்பை. பிள்ளையைத் தேடி வந்த தாய் என்று நினைத்து, கல்லாவில் இருந்தவர் யாரத் தேடுறீங்க ஆன்டி என்று கேட்டார்.

"அட்மினப் பாக்கணும்" என்றார் அவர்.

நான் எழுந்து நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்க்கவில்லை, முகத்தை மட்டும் பார்த்தார்.

"நீங்க வரச் சொன்ன ஆளு நான்தான். எந்த மெஷின்?"

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிக்க வேண்டும்போல் இருந்தது, வாய் திறக்கவில்லை. யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், உண்மையான ஆள் இவருடைய மகனாகத்தான் இருக்கும் என்று நண்பனிடம் முணுமுணுத்தேன். அவன் புதிய மௌஸை மெஷினில் சொருகினான். அந்த அம்மா மெஷின் முன்னால் இருந்த உருளும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார், எழுந்தார், உருளாத நாற்காலி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். யாரோ கீழே போய்ச் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் எடுத்து வந்தார்கள்.

ஒருவருக்கு ஒருவர், முதலில் பத்துச் சுற்று வெல்பவர் ஜெயித்தவர். முதல் இரண்டு சுற்று நான் வென்றேன். பின்னால் கைதட்டினார்கள். ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் மௌஸை மேசையில் முன்னும் பின்னும் நகர்த்தி அதன் வேகத்தைப் பழகிக்கொண்டிருந்தார். மூன்றாவது சுற்றில் என்னைக் காலடி ஓசையே இல்லாமல் சுட்டார். நான்காவதிலும் அப்படியே. ஐந்தாவதில் புகையை வீசினேன். வெள்ளைக்குள் நுழைந்தேன். விழுந்தேன்.

பத்துக்கு நான்கு.

மெஷின் மெதுவாக இருக்கிறது என்றேன். அது பொய், அவர் மெஷினும் என் மெஷினும் ஒரே வகை. அப்படியென்றால் இடம் மாறிக்கொள்ளலாம் என்றார் அவர். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கம் உட்கார்ந்தார். இரண்டாவது ஆட்டம் பத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் அவர் தும்மியபோது கிடைத்தது.

ஹெட்செட்டைக் கழற்றினேன். காது சுட்டது. புகைக்குள் எப்படி என்று கேட்டேன். கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, தானாக வந்துவிட்டது.

"என்னைப் பத்தி முப்பது வீடியோ போட்டீங்க" என்றார். "முப்பதும் பாத்தேன். அதுல நான் எங்க இருக்கேன்? எல்லாத்துலயும் நீங்கதான் இருக்கீங்க. புகை போட்டதும் ரெண்டு எட்டு வச்சு வலது பக்கம் திரும்புறீங்க. ஒரு தடவகூட மாத்தல. முதல் நாளே பாதி தெரிஞ்சிச்சு. மிச்சத்த நீங்களே காட்டிக் குடுத்துட்டீங்க."

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேலாகச் சின்னச் சின்ன மின்னணுப் பலகைகளை உருப்பெருக்கியில் வைத்துக் குறை தேடுவது அவருடைய வேலை என்று பிறகு அங்கே யாரோ கேட்டபோது சொன்னார். காலை ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு விளையாடுவாராம். முடக்கப்பட்ட கணக்கு எட்டு வருடம் பழையது.

இப்போது எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள். ஆன்டி செம்ம லா என்றார் தாயைப் பற்றி எழுதியவர்களில் ஒருவர். பல் டாக்டர், குழுவுக்குத் திரும்பி வாருங்கள், எங்கள் அணிக்கு நீங்களே கேப்டன் என்றார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என் தோளில் இருந்த கை அது. யாரோ என் முகத்தைப் படமெடுத்தார்கள். அது அன்று மதியமே குழுவில் வந்தது, சிவப்பு வட்டத்தோடு.

அந்த அம்மா துணிப்பையை எடுத்துக்கொண்டார்.

"அன்னிக்கு எல்லாரும் சேந்து புகார் பண்ணீங்க. இன்னிக்கு எல்லாரும் சேந்து கை தட்டுறீங்க. எனக்கு ரெண்டும் வேணாம். என் அக்கவுண்ட் வேணும். அதுக்கு யாராவது எழுதுங்க."

படியிறங்கிப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்க எனக்கு அந்தப் படிகள் முழுவதும் நேரம் இருந்தது. நான் மௌஸின் வயரைச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

அன்று மாலைக்குள் குழு என்மேல் பாய்ந்தது. நான் அவருக்காகத் தேடித் தேடி எழுதிய அதே சொற்கள், எழுத்துப் பிழை உட்பட, என் பெயரோடு வந்தன. என் மனைவியைப் பற்றி ஒருவன் எழுதினான். அதை நீக்கப் போனேன், என் பெயருக்குப் பக்கத்தில் கிரீடம் இல்லை. நண்பனை அழைத்தேன். நீ கொஞ்ச நாள் ஒதுங்கி இரு, எல்லோரும் சூடாக இருக்கிறார்கள் என்றான். இரண்டாவது புகார் உன்னுடையது என்று நினைவுபடுத்தினேன். அவன், "நீ சொன்னதாலதான் லா அனுப்பினேன்" என்றான். அதன்பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. என் மௌஸ் ஒன்று இன்னும் அவனுடைய பட்டறையில் கிடக்கிறது. போய் எடுக்க மனமில்லை.

கேம் நிறுவனத்துக்கு எழுதினேன். என் புகார் தவறு, மற்றவர்களையும் தூண்டியது நான்தான் என்று நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் ஒரே பதில்: முடிவு இறுதியானது. மற்றவர்களும் எழுதுங்கள் என்று எனக்குத் தெரிந்தவர்களுக்குச் செய்தி அனுப்பினேன். பல் டாக்டர் படித்ததோடு சரி, எழுதவில்லை. லோரி ஓட்டுபவர் மட்டும் எழுதினார். அந்தக் கணக்கு திரும்பக் கிடைக்கவே இல்லை.

நான் திருந்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பல வாரம் அந்த அம்மாவை வெறுத்தேன். வந்திருக்கவே வேண்டாம், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று அலுவலகத்தில் படிவங்களுக்கு நடுவே அவரோடு மனசுக்குள் வாதாடினேன். ஒவ்வொரு வாதத்திலும் தோற்றேன். விளையாடுவதை மட்டும் நிறுத்த முடியவில்லை. குழு இல்லாமல், முன்பின் தெரியாதவர்களோடு, மைக்கை அணைத்துவிட்டு விளையாடினேன்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, கேம் தானாகக் கோத்த ஐந்து பேரில், முன்பு எனக்குச் செய்தி அனுப்பிய அவருடைய புதிய கணக்கும் இருந்தது. என் பெயரை அவரும் பார்த்திருப்பார். யாரும் எதுவும் எழுதவில்லை. நாற்பது நிமிட ஆட்டம். நான் ஒரு வாசலைக் காத்தால் அவர் சொல்லாமலே அடுத்த வாசலைக் காத்தார். கடைசிச் சுற்றில் எங்கள் இருவரைத் தவிர எல்லோரும் விழுந்துவிட்டார்கள். எதிரில் மூன்று பேர். அவர் ஒருவனைச் சுட்டார், அந்தச் சத்தத்துக்குத் திரும்பியவனை நான் சுட்டேன், மூன்றாமவனை யார் சுட்டோம் என்று எனக்கே தெரியவில்லை. வென்றோம். என் வாழ்க்கையில் நான் ஆடிய மிக நல்ல ஆட்டம் அது.

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று எழுதி அனுப்பினேன். செய்தி போகவில்லை. இந்த நபர் உங்களைத் தடை செய்திருக்கிறார் என்று வந்தது. ஆட்டம் முடிந்த அந்தச் சில வினாடிகளுக்குள் செய்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. வர எந்த உரிமையும் இல்லை என்று தெரிந்தும் வந்தது. ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கதவைத் திறந்து வெளியே போனேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் மடிக்க ஆரம்பித்தேன். என்ன ஆச்சு என்று கேட்டாள். ஜெயிச்சோம் என்றேன்.