கோடித் துணிக்குள் மூச்சு

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அரியலூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், நெஞ்சை நாடா வைத்து அளக்கிறார்கள் என்று சேதி வந்தது. என் நெஞ்சை அளக்க நாடா எதற்கு? அரைஞாண் கயிறே போதும். பள்ளிக்கூடம் போகாத நான் ஒன்று, இரண்டு எண்ணப் பழகியதே என் விலா எலும்பை வைத்துத்தான்.

ஆனாலும் பட்டாளத்து பூட்ஸ் மேல் இருந்த ஆசை விடவில்லை. தண்டால் எடுத்தால் நெஞ்சு அகலும் என்றார்கள். வீட்டில் எடுக்க முடியாது. அண்ணன் செத்து வருஷம் திரும்பவில்லை. மிச்சமிருக்கும் நானும் பட்டாளம் என்று வாயெடுத்தாலே ஆத்தா அழுவாள். எங்கள் சிறுவாச்சூர் காளி கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். மற்ற நாள் அம்மன் மலையில் இருப்பாள். கோயில் பக்கம் ஆள் வராது. செவ்வாய்க்கிழமை காலையில் கோயிலுக்குப் பின்னால் போனேன். மூச்சை அடக்கிக்கொண்டு, மூக்கு மண்ணில் குத்தும்வரை தண்டால் எடுத்தேன். பார்த்த ஓணான் வெட்கப்பட்டு ஓடியிருக்கும்.

மறுநாள் எழுந்தால் நெஞ்சு பலகையாகக் கிடந்தது. இழுத்த மூச்சு பாதியில் நின்றது.

"ஆத்தா, மூச்சு மேல வர மாட்டேங்குது."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் சொன்னதும் இதே வார்த்தைதான். சேற்றில் இறங்கிய வண்டியைத் தோள்கொடுத்துத் தூக்கிவிட்டு வந்தவன், மாரில் கைவைத்து இப்படித்தான் சொன்னான். அடுத்த நடை திறக்கும் முன்னே போய்விட்டான்.

"நேத்து எங்கடா போன?" என்றாள் ஆத்தா.

"கோயிலுக்குப் பின்னால."

"அம்மன் இல்லாத நாள்லயா? மாருல எதுவோ ஏறி குந்திக்கிச்சுடா!"

எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் படாத புதுக் கோடித் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார்கள். நடை திறக்கும்வரை அவிழ்க்கக் கூடாது. ஆத்தா கட்டினாள். காயக் காயத் துணி சுருங்கியது. குந்தியிருந்தது இப்போது கைபோட்டு அணைக்கவும் ஆரம்பித்தது. என் மூச்சின் சத்தம் அண்ணனுடையது போலவே கேட்டது. கண்ணை மூடினால் அவன் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து இழுத்தான். "கொஞ்சம் தள்ளி உக்காருண்ணே" என்று முனகினேன். அதைக் கேட்டு ஆத்தா இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.

வியாழக்கிழமை காலையில் தாய்மாமன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்.

"ஏன் மாப்ள, பொட்டலம் மாதிரி கட்டி வச்சிருக்காங்க? யாருக்கு அனுப்பப் போறாங்க?"

சிரிக்க மூச்சு இல்லை. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"அக்கா, பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன்."

"நாளைக்கு நடை தொறந்துரும்டா!"

"போன தடவையும் அதத்தான சொன்ன? இவனயும் தூக்கிக் குடுக்கணுமா?"

ஆத்தா வண்டியில் ஏறினாள். வழியெல்லாம் முடிச்சின் மேலேயே கை வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் துணியைப் பார்த்துவிட்டுக் கத்திரிக்கோல் கேட்டார். துணி அறுந்ததும் காற்று உள்ளே வந்தது. வலியில் கத்தினேன், கத்த முடிகிறதே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

"என்னய்யா வேல செஞ்ச?"

"தண்டால் எடுத்தேனுங்க."

"இந்த ஒடம்புக்கா? சதை புடிச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல. வெந்நீர் ஒத்தடம் குடு, மெதுவா மூச்சு விடு, சரியாயிடும். ஆமா, யாரு இத கட்டுனது? நல்லா இருக்கறவனுக்குக் கட்டுனாலும் மூச்சு முட்டுமே!"

ஆத்தா அவரையே பார்த்தாள். "பெரியவனுக்கும் நான்தாங்க கட்டுனேன்" என்றாள்.

டாக்டர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார்.

திரும்பும்போது மாமன், "பெரியவனுக்கு வந்தது வேற நோவு, அக்கா. நெசமாவே நெஞ்சு நோவு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இருக்கலாம். யாருக்குத் தெரியும்? ஆத்தா காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

வலி சில நாளில் போயிற்று. பட்டாளத்துக்கு நான் போகவில்லை. ஆனால் வீட்டில் நான் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துவிட்டால் போதும், ஆத்தா செய்கிற வேலையை நிறுத்திவிட்டு என் நெஞ்சையே பார்ப்பாள். பிறகு எழுந்து வெளியே போய்விடுவாள். அதனால் அவள் இருந்தவரை, அவள் எதிரில் நான் சின்ன மூச்சாகவே விட்டுக்கொண்டிருந்தேன்.