கதவுக்குப் பின்னால் ஓர் ஆண் குரல்

என் அக்காவைக் கட்டிய அத்தானுக்குக் கிடங்கில் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். வேலை முடிந்து வெளியேறுகிறவர்களின் பைகளை வாசலில் சோதிப்பவர். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விடுவார். அந்தப் புத்தியை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வந்தால் என்ன? வீட்டுக்கும் கொண்டுவருவார்.

அவர் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மொழியியல் படிக்கிறாள். குடும்பத்துக்குள் கேள்வியும் பதிலும் எப்படி நடக்கின்றன என்று ஆராயும் பேராசிரியர், அவளையும் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். பட்டம் வாங்காத பிள்ளைகளுக்கு இது லேசில் கிடைக்காது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தானுக்கோ சந்தேகம் தட்டியது.

காரணம், அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஆண் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். கொஞ்சம் ஓடவிடுவாள், நிறுத்தி எழுதுவாள், மறுபடி அதே துண்டு. பேச்சை எழுத்தாக்குகிறவர்களின் வேலையே அதுதான். அதை யார் அத்தானுக்கு விளக்குவது? எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் போயிருந்தபோதே, அத்தான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"யாருடி அவன்?"

"அப்பா, அது வந்து..."

"'எங்க போயிருந்தே? யார் கூட?'ன்னு அதட்டுறான். இப்பவே இப்படிப் பேசுறவன் நாளைக்கு உன்னை நிம்மதியா விடுவானா? ஆராய்ச்சியும் வேணாம், காலேஜும் வேணாம்!"

சொன்னால் செய்கிற மனிதர். அவள் பதிவை நிறுத்தினாள்.

"அது நீங்கதாம்பா."

தன் குரலையே பதிவில் கேட்டால் வேறு யாரோ மாதிரிதான் இருக்கும். ஆராய்ச்சிக்காக அக்காவின் பேச்சை அவள் பதிவு செய்தபோது இவர் நடுவில் வந்திருக்கிறார்.

"உங்க குரலை ஆராய்ச்சிக்கு வெச்சுக்க நீங்க சரின்னு சொல்லணும், இல்லேன்னா அழிச்சிடணும். கேக்கப் பயந்துதான் தள்ளிப்போட்டேன்" என்றாள்.

அத்தான் கட்டிலில் உட்கார்ந்தார். "முழுசாப் போடு."

அவருடைய கேள்வி வந்தது. பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியாக அக்காவின் குரல்: "மருந்துக்கடைக்கு."

அவர் கண் இடுங்கியது. "கடைக்குப் போனவ உடனே சொல்ல வேண்டியதுதானே? இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை?"

"அதைத்தாம்பா நான் ஆராய்றேன். மத்தவங்க கேட்டா அம்மா உடனே சொல்றாங்க. நீங்க கேட்டா மட்டும்தான் இப்படி."

அக்கா கதவருகே வந்து நின்றிருந்தாள். அவளிடம் ஏதோ கேட்க அத்தான் வாயெடுத்தார். கேட்கவில்லை. மகள் பக்கம் திரும்பி, "அழிக்காதே" என்றார்.