சொல் கேட்காத கை

என் கணவருக்கு நாற்பது வயது தாண்டியதுமே கை நடுங்கி விறைக்கும் பார்க்கின்சன் நோய் வந்துவிட்டது. ஹனோவரில் ஓர் உணவகத்தில் சமையல் செய்த மனிதர், சட்டைப் பொத்தான் போடவும் என்னைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அதை அவர் பொறுத்துக்கொண்டார். நான் சோறு குழைத்து வாயில் தீத்துவதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. தன் கையால் சாப்பிட வேண்டும், வேறு ஆசை அவருக்கு இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், மூளைக்குள் புதிய உயிரணுக்களை வைக்கும் சிகிச்சை ஒன்று பரிசோதனையாக நடப்பதாக மருத்துவர் சொன்னார். அவை கலைக்கப்பட்ட கருக்களில் இருந்து எடுக்கப்படுபவை என்பதையும் அவர் மறைக்கவில்லை. முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்துத் துடைத்துப் பழகிய என் ஜெர்மன், வேண்டாத நேரத்தில் எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ளும். நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். என் கணவர் ஞாயிறு பூசைக்குத் தவறாதவர். மருத்துவர் சொன்னதை அவருக்குத் தமிழில் சொன்னேன். சில நாள்கள் கழித்து, சம்மதம் என்றார்.

அறுவைச் சிகிச்சை முடிந்து சில மாதங்களில் கை இளகியது. ஒரு ஞாயிறு மீன்குழம்பும் சோறும் தானே குழைத்துச் சாப்பிட்டார். நான் சாப்பிட மறந்து பார்த்துக்கொண்டிருக்க, கண் வைக்கிறேன் என்று பகிடி விட்டார். அந்தக் கோடை முழுவதும் இது வெறும் தொடக்கம் என்றே நினைத்தோம். எங்களுக்குக் கிடைத்ததே அவ்வளவுதான் என்று தெரிந்திருந்தால், அந்த நாள்களை இவ்வளவு அவசரமாகக் கழித்திருக்க மாட்டோம்.

அடுத்த குளிர்காலம் கை ஆடத் தொடங்கியது. இது பழைய நடுக்கம் இல்லை. தோள் சுழலும், கழுத்து வளையும், கால் தன்பாட்டில் எறியும். மனுசன் குடிவெறியில் ஆடுகிறார் என்று தமிழ்க் கடையில் கதை கட்டினார்கள். பியர் போத்தலைத் தொட்டறியாதவரைப் பற்றி! அந்த வாய்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வழக்கமாக எடுக்கும் மாத்திரையாலும் இப்படி ஆடலாம் என்று மருத்துவர் அதைக் குறைத்தார், பிறகு நிறுத்தியும் பார்த்தார். ஆட்டம் நிற்கவில்லை. அப்படியென்றால் வைத்த உயிரணுக்களால்தான் வருகிறது போலிருக்கிறது என்றார். அவற்றைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று சொல்லும்போது அவர் முகமும் கறுத்துப்போயிருந்தது.

அன்று மத்தியானம் கை பட்டுச் சோற்றுத் தட்டு பறந்தது. கூட்டி அள்ளிவிட்டு, மறுபடியும் தீத்துவதற்கு அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"பிள்ளையள் வயித்தில அசையேக்கை உமக்கு எப்பிடி இருந்தது?" என்று கேட்டார்.

இதென்ன கேள்வி என்று நினைத்துக்கொண்டு, "அதுகள் தங்கட பாட்டுக்குத் துடிக்குங்கள். எங்கட சொல்லை எங்க கேக்குதுகள்?" என்றேன்.

வலக்கையை இடக்கையால் அமத்திப் பார்த்தார். அது திமிறியது.

"முந்தி இந்தக் கை என்ர சொல்லைக் கேக்கேல்லை. இப்ப வேற ஆற்றையோ சொல்லைக் கேக்குது," என்றார். "பிறக்க விடாத பிள்ளையிட்ட, கேக்காமல் எடுத்துப்போட்டம். விடும், அது ஆடட்டும்."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். மருத்துவர் தந்த விளக்கம் முழுவதும் எனக்குத் தெரியும். பிள்ளை பெற்ற எனக்கு அதைச் சொல்ல முடியவில்லை.