மேப்பிள் பாகின் வாசம்

ஈர டயப்பரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கும் மனுஷியை நான் அதுவரை கண்டதில்லை. அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷனுக்குக் குடிவந்து இரண்டு வருடம் கழித்து, தொண்ணூற்றெட்டு அக்டோபரில், பிறந்து பத்து நாளான எங்கள் மகளை கிளினிக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த நர்ஸ் அதைத்தான் செய்தாள். "மேப்பிள் சிரப் வாசம் வருகிறதே" என்றாள். ஏதோ புகழ்கிறாள் என்று நினைத்து நானும் "தேங்க் யூ" என்று சொல்லிவைத்தேன். அவள் சிரிக்காமல் போய் டாக்டரம்மாவை அழைத்து வந்தாள்.

அந்த வாசத்தின் பெயரிலேயே ஒரு வியாதி இருக்கிறதாம். பாலில் உள்ள சத்தே உடம்பில் விஷமாகி மூளையைத் தாக்குமாம். ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வரும்வரை தாய்ப்பால் கூடாது என்று குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்து க்ளுகோஸ் ஏற்றினார்கள். என் மனைவி சுமதி பாலைப் பீய்ச்சி சிங்கில் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, என் பால்தான் அவளுக்கு ஆகலையா?"

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். ஆபீஸ் நண்பர் கொடுத்த மேப்பிள் மரத் தொட்டில் காலியாகக் கிடந்தது. வெளியே பார்க்கிங்கில் அதே மரம், ஊருக்கு போட்டோ எடுத்து அனுப்புகிற அழகில் சிவந்து நின்றது. அன்றைக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. தினமும் அதன் கீழ்தான் காரை நிறுத்துகிறேன், அதன் பாகு எப்படி மணக்கும் என்று தெரியாது. இந்த ஊர்க்காரர்கள் காலையில் பேன்கேக் மேல் ஊற்றிச் சாப்பிடுவது அது; இட்லி தோசை சாப்பிடுகிற வீட்டில் அதற்கு என்ன வேலை? என் மகளின் வியாதி எப்படித்தான் மணக்கிறது என்று பார்த்துவிட, கடையில் ஒரு பாட்டில் வாங்கி, காரில் உட்கார்ந்தே திறந்தேன்.

காருக்குள் எங்கள் சமையலறை மணத்தது. வெந்தயம். மாமியாருக்கு விசா கிடைக்காததால், அவர் போனில் சொல்லித்தந்தபடி தினமும் வெந்தயம் வறுத்து அரைத்து, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் களி கிண்டிக் கொடுத்தது நான்தான். அந்த மணம்தான் பால் வழியே டயப்பர் வரை போயிருக்கிறது. வியாதிக்குப் பெயர் வைத்தவர்கள் தங்கள் வீட்டுக் காலைப் பலகாரத்தை நினைத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் களியை அவர்கள் எங்கே கண்டார்கள்?

காலையில் மிஞ்சிய களியை டப்பாவில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "என் அம்மா வீட்டு ஞாயிற்றுக்கிழமைப் பேன்கேக் மாதிரி இருக்கிறது" என்றார். இருந்தாலும் ரிசல்ட் வரும்வரை பால் தர விடவில்லை. இரண்டு நாள் கழித்து, ஒரு குறையும் இல்லை என்று வந்தது. "இந்தக் களியை மட்டும் நிறுத்திவிடுங்கள், மறுபடியும் யாராவது பயந்துவிடுவார்கள்" என்றார். அவர்கள் பயப்படாமல் இருக்க நாங்கள் சாப்பாட்டை மாற்ற வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். குழந்தையைக் கையில் வாங்கும் அவசரத்தில் தலையாட்டிவிட்டேன்.

அன்றே சுமதி வெந்தய டப்பாவை மேல் அலமாரியில் ஏற்றிவிட்டாள். "களி சாப்படறயா கண்ணு?" என்று அவள் அம்மா போனில் கேட்டபோது, "சாப்படறேன்மா" என்றாள்.

மகளுக்கு இப்போது மூன்று வயது. டேகேரில் தரும் பேன்கேக் என்றால் உயிர். போன வாரம், அதற்குப் பிறகு முதல் தடவையாக, சாம்பார்ப் பொடிக்கு வெந்தயம் வறுத்தேன். வாசம் பிடித்துத் தட்டோடு ஓடிவந்தாள். "டாடி, பேன்கேக்ஸ்?"

நாலு வெந்தயத்தை ஊதி ஆறவைத்து அவள் கையில் கொடுத்தேன். ஆசையாக மென்றவள், முகம் சுளித்து, என் உள்ளங்கையிலேயே துப்பிவிட்டாள். கையை மூடிக்கொண்டு நின்றேன். உடனே கழுவ மனம் வரவில்லை.