கொக்கியின் உயரம்

அப்பா குளியலறையில் விழுந்த சத்தம் அடுப்படி வரை கேட்டது. வாளி உருண்டது, அப்புறம் சத்தமே இல்லை. மந்தைவெளி பிளாட்டில் அன்று காலை நாங்கள் இரண்டு பேர்தான்.

உள்ளே தாழ்ப்பாள் போடக் கூடாது என்று அவரோடு சண்டை போட்டு எப்போதோ ஜெயித்திருந்தேன். ஒரே தள்ளில் போய்விடலாம் என்று ஓடினேன். உள்பக்கம் திறக்கிற கதவு. நாலு விரல் நகர்ந்து எதன் மேலோ முட்டி நின்றது. அவர் கால்.

"அப்பா, அடி பட்டுடுத்தா?"

"இடுப்புல. தள்ளாதே."

"காலை மடக்கிக்கோங்கோ, நான் உள்ள வரேன்."

"வராதே. வராதேன்னா வராதே!"

ஈக்காட்டுத்தாங்கல் ஆபீசில் எனக்கு வேலையே, செல்போன் திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருந்தால் மனிதர்களுக்குச் சௌகரியம் என்று யோசிப்பதுதான். அதற்குச் சம்பளம் வேறு. இங்கே, விழுந்தவரே கதவை அடைத்துக்கொண்டு கிடக்கும்படி எந்த மகானுபாவனோ அதை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். அவனை வாய்விட்டுத் திட்டினேன். தலையில் அடி பட்டிருந்தால்? மயங்கிவிட்டால்? எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கதவைப் பெயர்க்கப் போகிறேன் என்று கத்தினேன்.

"யாரையும் கூப்பிடாதே." குரல் உடைந்திருந்தது. "துண்டு மேல மாட்டியிருக்கு. எனக்கு எட்டலை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொக்கி கதவின் பின்பக்கம், நிற்கிற ஆளின் தலை உயரத்தில் இருக்கிறது. அவர் ஈரத்தரையில், உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் கிடக்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டு இடுக்கில் கையை விட்டுத் துழாவினேன். கதவு விளிம்பு தோளை அழுத்தியது. துண்டு அகப்பட்டதும் கீழே நழுவவிட்டேன்.

மூச்சு வாங்கிக்கொண்டே அவர் துண்டைச் சுற்றிக்கொள்வது கேட்டது. பிறகு, "இப்போ வா," என்றார். கதவு இளகியது. அந்தக் கால் எதிலும் சிக்கியிருக்கவில்லை. அவ்வளவு வலியிலும் அவரேதான் அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

நல்லவேளை, எலும்பு முறியவில்லை. அடுத்த வாரம் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்ற ஆசாரி வந்தார். பிடித்துக்கொள்ளக் கம்பி எங்கே வைக்கலாம் என்று அப்பாவைக் கேட்டேன். உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார். ஆசாரி கிளம்பும் நேரத்தில்தான், வாசலில் போட்டிருந்த நாற்காலியிலிருந்து குனிந்து, குளியலறைச் சுவரில் முழங்கால் உயரத்தைக் காட்டினார்.

"இங்க ஒரு கொக்கி வேணும்."

"இன்னா சார், இம்மாம் கீழவா?"

"அங்கதாம்பா," என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.