ஜெயாவின் குரல்

சகாயமேரி குவைத்தில் ஆறு வருஷம் வீட்டுவேலை செய்தவள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்ட வீட்டிலிருந்து தூதரகத்துக்கு ஓடிப்போய்த்தான் ஊர் வந்து சேர்ந்தாள். இப்போது மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் வேலை. திங்கட்கிழமைகளில் மட்டும் வேலைக்குப் போகமாட்டாள். வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட யாருக்காவது மனு எழுதி, விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறிவிடுவாள். அப்படி ஒன்பது பேர் ஊர் திரும்பியிருந்தார்கள்.

கேள்விப்பட்டு, சென்னையில் ஒரு அமைப்பிலிருந்து அஸ்வினி என்ற பெண் வந்தாள். செல்போனிலேயே பேச்சைப் பதிவு செய்து, படங்களைச் சேர்த்து, மூன்று நிமிஷக் கதையாக்கக் கற்றுக்கொடுத்தாள். மனுவைப் படிக்காமல் ஓரம் வைத்துவிடலாம், ஆள் பேசுவதைக் கேட்டால் அப்படி ஒதுக்க முடியாது என்றாள். மேரிக்கும் அது சரியென்று பட்டது.

உப்பளத்தில் கூட வேலை செய்யும் வைஜெயந்தியின் தங்கை ஜெயா, ஓமனில் ஒரு வீட்டில் அடைபட்டிருந்தாள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, அடிபட்டதையெல்லாம் சொல்லி வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். கதையில் சேர்க்க அவற்றைத் தரச்சொல்லி மேரி கேட்டபோது வைஜெயந்தி தயங்கினாள். குரலை மாற்றித்தான் போடுவோம் என்று அஸ்வினி சொன்னதை மேரி அப்படியே சொன்னாள். தன் பொறுப்பு என்றும் சொன்னாள்.

சென்னையில் திரையிட்ட அன்று மேரியை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஸ்பீக்கரில் ஜெயா பேசினாள். அதே குரல். தண்ணீர்ச் சத்தம்கூட அப்படியே இருந்தது. நாலு நாளாக அது இன்டர்நெட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அஸ்வினி சங்கடப்பட்டாள். “குரல மாத்தினா மெஷின் பேசற மாதிரி இருந்துச்சு மேரிக்கா. யாருக்கும் மனசுல ஒட்டல.”

“நான் வாக்கு குடுத்துட்டு வந்தேன் மேடம்.”

எடுத்துவிடுகிறோம் என்றார்கள். எடுப்பதற்குள் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் பரவிவிட்டது. ஜெயாவை அனுப்பிய ஏஜென்ட் வைஜெயந்தி வீட்டு வாசலில் வந்து கத்திவிட்டுப் போனான். மறுநாளிலிருந்து ஜெயாவுக்கு போன் போகவில்லை.

உப்பளத்தில் வைஜெயந்தி சத்தம் போடவில்லை. “உன்ன நம்பித்தான்க்கா குடுத்தேன். அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது” என்றாள். அடுத்த நாள் வேறு முதலாளியின் உப்பளத்துக்கு மாறிப்போனாள்.

மேரி விடவில்லை. மனுவில் வைஜெயந்தியின் கையெழுத்தைக்கூட இன்னொருத்தியை அனுப்பித்தான் வாங்கினாள். பதினோரு திங்கட்கிழமை அலைந்த பிறகு ஜெயா வந்து சேர்ந்தாள். இரண்டாம் நாள் மேரியின் வீட்டுக்கே வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

“ஏஜென்ட் அனுப்பிட்டான் போல. வீட்டம்மா அந்த வீடியோவ என் முன்னாடியே போட்டாங்க. என் குரல நானே நின்னு கேட்டேன். அப்புறம் மூணு மாசம் போன கண்ணுல காட்டல.”

அஸ்வினி ஏமாற்றிவிட்டதை மேரி சொல்ல ஆரம்பித்தாள். ஜெயா குறுக்கிட்டாள்.

“அவங்க ஏமாத்துனது இருக்கட்டும்க்கா. குடுக்கறதுக்கு முன்னாடி நீயாவது என்ன ஒரு வார்த்த கேட்டியா?”

மேரி கேட்கவில்லை. அக்காவிடம் கேட்டது போதும் என்று நினைத்திருந்தாள். ஜெயா காபியைத் தொடாமல் எழுந்து போனாள்.

அஸ்வினி இப்போதும் அழைக்கிறாள்; மேரி எடுப்பதில்லை. திங்கட்கிழமை பஸ்ஸை மட்டும் விடவில்லை.