அருவிக்கும் சொட்டு மருந்துக்கும் நடுவே

1962-ஆம் ஆண்டு ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. தென்காசியில் எங்கள் வீட்டுக் கொடியில் துணி காயாமல் ஈரவாடை அடித்துக்கொண்டிருந்த நாட்கள். என் மகளுக்கு அப்போது எட்டு மாதம்.

பாளையங்கோட்டையிலிருந்து வாரம் ஒருமுறை ஒரு கண் டாக்டர் எங்கள் ஊருக்கு வந்து போவார். மாமியாருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்ததால் துணைக்குப் போனேன். பேச்சுவாக்கில் என் அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் வலியே இல்லாமல் இரண்டு கண்ணும் போய்விட்டதைச் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்களும் படுங்கம்மா, பார்த்துடுவோம்" என்றார்.

கண் மரத்துப்போக மருந்து விட்டு, கடிகாரம் போல முள் நகரும் ஒரு சின்ன இரும்புக் கருவியைக் கருவிழி மேல் நிறுத்தி அளந்தார். பிறகு கறுப்புத் துணிக்கு முன்னால் உட்கார வைத்து, வெள்ளை மணி பொருத்திய குச்சியை ஓரத்திலிருந்து நகர்த்தி, எப்போது தெரிகிறது என்று கேட்டார். பார்வை முழுசாக இருந்தது. நரம்பும் நன்றாக இருந்தது. ஆனால் கண்ணின் அழுத்தம் மட்டும் அதிகம்.

"அழுத்தம் இருக்கிற எல்லாருக்கும் பார்வை போறதில்லம்மா. யாருக்குப் போகும்னு முன்கூட்டியே சொல்லவும் முடியாது. மருந்து போடாம மூணு மாசத்துக்கு ஒரு தடவை அளந்து பார்க்கலாம். இல்ல, இப்பவே சொட்டு மருந்து ஆரம்பிக்கலாம். உங்க அப்பா விஷயம் இருக்கிறதால போடறது நல்லதுன்னு எனக்குத் தோணுது. வீட்ல யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

நான் எங்கே யோசித்தேன்? எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், பெரியவர்கள் சொன்னால் தலையாட்டுவதையும் கூடவே படித்திருந்தேன். "சரி டாக்டர், போடுறேன்" என்று சொல்லி மருந்தை வாங்கிக்கொண்டேன்.

மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "கண்ணுல அழுத்தம்னா உடம்புல சூடுன்னு அர்த்தம்ட்டி. வாசல்ல அருவிய வச்சிக்கிட்டு எவளாவது மருந்து போடுவாளா? நாப்பது நாள் தலையக் குடு, எல்லாம் எறங்கிரும்" என்றார். அவருக்கும், "சரி அத்தை" என்றேன்.

மருந்து ஒரு நாளைக்கு நான்கு வேளை. போட்டதும் புருவத்துக்கு மேலே கத்தியால் கீறுவது போல வலிக்கும். கண்மணி சுருங்கிப்போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் எல்லாமே மங்கலாகத் தெரியும். வெயில் நாளென்றால் சமாளித்திருப்பேன். சாரல் நாளில் எங்கள் அடுக்களையில் பகலிலேயே இருட்டு. ஒருநாள் சோறு வடித்த கொதிக்கும் கஞ்சிச் சட்டியைத் தரையில் இறக்கி வைத்தேன். கையை எடுத்த பிறகுதான் என் மகளின் தலைமுடி முழங்கையில் உரசியது. அவள் தவழ்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது என் கண்ணில் படவே இல்லை. சட்டிக்கும் அவள் காலுக்கும் நடுவே நான்கு விரல் இடம் இருந்தது.

அன்றோடு மருந்தை நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடம்கூட.

அருவி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் காலை பஸ்ஸில் மாமியாரோடு போனேன். தலை நிறைய எண்ணெய் தேய்த்து, பெண்கள் பக்கத்துக் கூட்டத்தில் நுழைந்து, இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆனால் அந்தத் தண்ணீர் தலையில் இடி போல விழுவதைப் பார்த்தால், ஏற்கனவே அழுத்தம் உள்ள கண் என்னாகுமோ என்று பயம். தோளை மட்டும் காட்டி, தெறிக்கும் நீரைக் கையில் ஏந்தித் தலையை நனைத்துக்கொண்டு வந்துவிடுவேன். நனைந்த தலையில் எது அருவி, எது உள்ளங்கை என்று யாருக்குத் தெரியும்?

டாக்டரைப் பார்க்கப் போகும் நாள் மட்டும் விடிந்ததும் மருந்தைப் போட்டுக்கொள்வேன். அடுத்த இரண்டு முறையும் அழுத்தம் நன்றாகக் குறைந்திருந்தது. "மருந்து நல்லா வேலை செய்யுது" என்று டாக்டர் மகிழ்ந்தார். "பாத்தியா, எல்லாம் அருவி பண்ணுன வேலை" என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னார். இருவர் மனமும் கோணாமல் நடந்துகொண்டேன் என்று எனக்கும் ஒரு திருப்தி. எதனால் குறைந்தது, உண்மையிலேயே குறைந்ததா என்று யோசிக்க வேண்டிய நானே யோசிக்கவில்லை.

ஆடி பிறந்து சில நாட்களில் மாமியாரின் தங்கை, எனக்குச் சின்ன அத்தை, வடகரையிலிருந்து துணிப்பையோடு வந்து இறங்கினார். அவருக்கும் கண் அழுத்தம்தான். என்னைப் போல அல்ல. இடது பக்கப் பார்வை ஏற்கனவே குறுகியிருந்தது. இரண்டு வருடமாக அதே சொட்டு மருந்தைப் போட்டு மிச்சத்தைக் காப்பாற்றி வந்தார்.

"ஒன் கதைய அக்கா சொன்னா. அந்தச் சவத்து மருந்த நிறுத்திப் பத்து நாளாச்சு பிள்ள. இனி நாப்பது நாளும் ஒங்கூடத்தான்" என்றார்.

சொல்லிவிடலாமா? சொன்னால் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது? ஒருவேளை அருவி அவருக்குக் கேட்டாலும் கேட்குமோ? இப்படியே அன்றைய பகலைக் கடத்தினேன்.

மறுநாள் காலை மூவரும் அருவிக்குப் போனோம். போகிற வழியில் இடது பக்கமாக வந்த ஒரு பெண்மீது சின்ன அத்தை நேராகப் போய் மோதினார். அந்தப் பெண்ணின் இடுப்புக் குழந்தை வீறிட்டது. "கோவப்படாதம்மா, இந்தப் பக்கம் ஆள் வந்தா எனக்குத் தெரியாதுல்லா" என்று சிரித்தார். என் அப்பாவும் இப்படித்தான் கதவு நிலையில் மோதிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு இரண்டே வருடத்தில் அவர் கைக்கோல் பிடித்தார்.

சின்ன அத்தை அருவிக்குள் நுழையப் போனார். அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நான் ஒரு நாளும் தலையக் குடுக்கல!"

அருவி இரைச்சலில் இருவருக்கும் கேட்கவில்லை. "என்னட்டி?" என்றார் மாமியார். தொண்டை கிழியக் கத்தினேன். "நான் அருவிக்குள்ள போகவே இல்ல அத்தை! மருந்தும் போடல! டாக்டரப் பாக்கப் போற அன்னைக்கு மட்டும் போட்டேன்!"

இப்போது அந்தப் பக்கம் நின்ற முப்பது பெண்களுக்கும் கேட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமியார் என்னைக் கரைக்கு இழுத்து வந்தார்.

"படிச்ச பிள்ளன்னு பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சனே! என்னையும் ஏமாத்தி, அந்த டாக்டரையும் ஏமாத்தியிருக்க."

சின்ன அத்தைதான் நடுவில் புகுந்தார். "அவள அப்புறம் வையி அக்கா. என் மருந்துப் பாட்டில் வடகரையில கெடக்கு. முதல்ல அதுக்கு ஒரு வழி சொல்லு." அன்று மதியமே என் பாட்டிலிலிருந்து அவருக்கு மருந்து போட்டேன். அவர் இமைக்காமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை டாக்டர் வந்தபோது மூவருமாகப் போனோம். அதற்குள் மருந்து விழுந்திருந்தும் சின்ன அத்தையின் அழுத்தம் முன்பைவிட ஏறித்தான் இருந்தது. நல்லவேளை, பார்வை இன்னும் குறுகவில்லை. "நாப்பது நாள் விட்டிருந்தா என்னால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது" என்றார் டாக்டர்.

பிறகு நான் செய்ததையெல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் சீட்டில் இருந்த கடைசி இரண்டு அளவுகளின்மேலும் கோடு போட்டு அடித்தார். "மருந்து கஷ்டமா இருந்தா அப்பவே வந்து சொல்லியிருக்கலாமேம்மா. வீரியம் குறைச்சுத் தந்திருப்பேன். இப்ப மறுபடி முதல்லேர்ந்து பார்ப்போம்."

மருந்தில்லாமல் மூன்று முறை, வெவ்வேறு நேரங்களில் அளந்தார். அழுத்தம் முதல் நாள் இருந்த அளவிலேயே நின்றது. அப்போதுதான் முதன்முறையாக நான் கேள்வி கேட்டேன். காத்திருந்தால் எதை இழப்பேன்? போன பார்வை திரும்புமா? திரும்பாது என்றார். ஆனால் தவறாமல் வந்து அளந்தால், பெரிதாகப் போகுமுன் தெரிந்துவிடும் என்றார். மகள் நடந்து ஓடும் வரை மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறேன், அழுத்தம் ஏறினால் அன்றே தொடங்குகிறேன் என்றேன். "இது ஒழுங்கான முடிவு" என்று எழுதிக்கொண்டார். வீட்டில் மாமியாரிடமும் இதை நானே சொன்னேன். மூன்றாம் நாள், அடுத்து எப்போது அளக்கப் போக வேண்டும் என்று அவரே கேட்டார்.

ஒரு தவணைகூடத் தவறாமல் போனேன். மகள் ஓடத் தொடங்கிய பிறகும் அளவு ஏறாததால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மேலும் காத்திருந்தேன். சென்ற ஆண்டு, 1965 தொடக்கத்தில், அடுத்தடுத்து இரண்டு முறை அளந்தும் அழுத்தம் ஏறியே இருந்தது. அன்றே வீரியம் குறைந்த மருந்தைத் தொடங்கினேன். அடுப்பு வேலை முடித்து, கதவோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் போட்டுக்கொள்கிறேன். கறுப்புத் துணியின் எந்த ஓரத்திலும் வெள்ளை மணி எனக்கு இன்னும் தெரிகிறது.

அந்த இரண்டரை வருடம் காத்திருந்தது சரிதானா என்று இப்போதும் சில நாள் யோசிப்பேன். ஆனால் அந்த முடிவை யாருக்காகவும் தலையாட்டாமல், உண்மையான அளவைக் கையில் வைத்துக்கொண்டு நானே எடுத்தேன் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.